ஹங்கேரியின் இளம் கலைஞர்கள் அயல்நாட்டு மேடையில்: போய்க் கேட்கலாமா?

ஐரோப்பிய நகரம் ஒன்றில் வேலைக்காகக் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அங்குள்ள ஹங்கேரியப் பண்பாட்டு மையம் தன் நாட்டு இளம் கலைஞர்களை அழைத்து மேற்கத்திய செவ்வியல் இசைக் கச்சேரித் தொடர் ஒன்றை நடத்துகிறது. அனுமதி இலவசம். இது நல்ல இசையா, அரசாங்க விளம்பரமா? பார்டோக் என்ற இசையமைப்பாளரின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் போனால் அங்கே என்ன கிடைக்கும்?

போங்கள். முடிந்தால் தொடர் முழுவதற்கும் போங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளம்பரமா என்ற சந்தேகம் நியாயமானது. இந்த மையங்கள் அரசுப் பணத்தில் நடப்பவை, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அந்தக் காலத்தில் பண்பாட்டு அமைச்சராக இருந்த குனோ க்ளெபெல்ஸ்பெர்க், நாட்டுக்கு மிச்சமிருக்கும் பலம் கல்வியும் கலையும்தான் என்று உறுதியாக நம்பியவர். 1924இல் வியன்னாவிலும் பெர்லினிலும் ஹங்கேரியக் கல்லூரிகள் என்ற பெயரில் நிலையங்களைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ரோமில் ஃபால்கோனியேரி மாளிகையும் வாங்கப்பட்டது. இளம் அறிஞர்களும் கலைஞர்களும் அங்கே தங்கிப் படிக்க வேண்டும், அந்த நகரத்தார் ஹங்கேரியை அவர்கள் வழியாக அறிய வேண்டும் என்பது திட்டம். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் இருக்கும் இந்த மையங்களில் பெரும்பாலானவை, சில ஆண்டுகளாக லிஸ்ட் இன்ஸ்டிட்யூட் என்ற பொதுப் பெயரைத் தாங்குகின்றன. டெல்லியில் ஜன்பத் சாலையில் 1978இல் தொடங்கப்பட்ட மையமும் அவற்றில் ஒன்று.

ஆக, அழைப்பது அரசு. மேடையில் வாசிக்கப்படுவது எந்த அரசையும் விட வயதில் மூத்த ஒரு குரு-சிஷ்ய மரபு. அதைத் தெரிந்துகொண்டு போனால் கச்சேரி வேறு மாதிரி கேட்கும்.

புடாபெஸ்டின் இசைக் கல்விக்கழகம் 1875இல் தொடங்கியது. முதல் தலைவர் ஃபெரென்ஸ் லிஸ்ட். ஐரோப்பா முழுவதும் கொண்டாடப்பட்ட அந்தப் பியானோ மேதை, பிற்காலத்தில் தன்னிடம் கற்க வந்தவர்களிடம் கட்டணம் வாங்கியதில்லை. லிஸ்டிடம் கற்றவர் இஷ்த்வான் தொமான். தொமானிடம் கற்றவர்கள் பேலா பார்டோக்கும் எர்னோ தொஹ்னானியும். தொஹ்னானியிடம் கற்றவர்கள் ஆனி ஃபிஷர், கேசா ஆண்டா, ஜார்ஜ் சிஃப்ரா என்று நீளும். வயலினிலும் இதே கதை: யோஆகிம், அவரிடம் கற்ற யெனோ ஹூபாய், ஹூபாயிடம் கற்ற யோசெப் சிகெட்டி, சாண்டோர் வேக். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவில், டேவிட் பாப்பரிடம் கற்ற அடோல்ஃப் ஷிஃபர், அவரிடம் கற்ற யானோஷ் ஷ்டார்க்கர். இன்று இருபத்திரண்டு வயதில் உங்கள் நகரத்துக்கு வரும் பெண்ணின் ஆசிரியரைக் கேட்டு, அந்த ஆசிரியரின் ஆசிரியரைக் கேட்டு மேலே போனால், நாலைந்து படியில் இந்தப் பெயர்களில் ஒன்றில் போய் நிற்பீர்கள்.

தனி வாசிப்பை விட இந்த மரபின் உயிர்நாடி சேம்பர் இசை: இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், இசைக்குழுவை வழிநடத்தும் கண்டக்டர் இல்லாமல் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பது. இசையமைப்பாளர் லியோ வெய்னர் அந்தக் கல்விக்கழகத்தில் பல பத்தாண்டுகள் சேம்பர் இசை கற்றுக்கொடுத்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கண்டக்டர்கள் ஜார்ஜ் ஷோல்ட்டி, அண்டல் தொராட்டி, செல்லோ மேதை ஷ்டார்க்கர், இசையமைப்பாளர் ஜார்ஜ் குர்டாக் எல்லோரும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். குர்டாக் தானும் அதே பணியைச் செய்தார். இசைக்குறிப்பில் இரண்டே இரண்டு தாளக்கட்டுக்காக ஒரு மணி நேரம் செலவிடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வது வழக்கம். இப்படிப் பழகியவர்களின் இசைக்கு ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கு தேவையில்லை. எண்பது நாற்காலி போட்ட ஒரு பண்பாட்டு மையத்தின் கூடம்தான் அதற்குச் சரியான இடம். வயலின்காரர் மூச்சை இழுப்பது கேட்கும் தூரத்தில் உட்காரலாம். பெரிய அரங்கில் காசு கொடுத்தாலும் அது கிடைக்காது.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரிய இசைக்கலைஞர் வெளியே போனால் பெரும்பாலும் திரும்பவில்லை. ஃப்ரிட்ஸ் ரைனர், ஜார்ஜ் செல், யூஜின் ஓர்மண்டி, ஷோல்ட்டி என்று அமெரிக்காவின் சிகாகோ, க்ளீவ்லாந்து, ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராக்களைக் கட்டி எழுப்பியவர்கள் புடாபெஸ்டில் பிறந்தவர்கள். பார்டோக் 1940இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், 1945இல் நியூயார்க்கில் இறந்தார். தொஹ்னானி ஃபுளோரிடாவில் கற்பித்துக்கொண்டே கடைசிக் காலத்தைக் கழித்தார். ஹங்கேரியின் 1956 புரட்சியைச் சோவியத் படைகள் நசுக்கியபோது ஒரே குளிர்காலத்தில் பெருங்கூட்டம் எல்லையைக் கடந்தது. அப்படி ஓடிவந்த வாத்தியக்காரர்கள் ஆஸ்திரியாவில் சேர்ந்து ஃபில்ஹார்மோனியா ஹங்காரிகா என்ற ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்தார்கள். அது பிறகு ஜெர்மனியின் மார்ல் நகரில் வேர்பிடித்து, தொராட்டியின் தலைமையில் இசையமைப்பாளர் ஹைடனின் சிம்பொனிகள் அத்தனையையும் பதிவு செய்து, 2001இல் கலைந்தது. சிஃப்ராவும் 1956இல்தான் வெளியேறினார். பாரிஸுக்கு வடக்கே சென்லிஸ் ஊரில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய தேவாலயத்தை வாங்கிச் செப்பனிட்டு, இளம் கலைஞர்களுக்கான மேடையாக ஆக்கினார். எல்லா நாட்டு இளைஞர்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

எல்லை மெல்லத் தளர்ந்த பிறகும் இழுப்பு நிற்கவில்லை. 1975இல் கல்விக்கழக மாணவர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கிய தாகாச் நால்வர் குழு (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) சில ஆண்டுகளுக்குள் வெளிநாட்டுப் பரிசுகளை வென்றது. எண்பதுகளில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் குடியேறியது. உலகுக்கு லாபம்தான், புடாபெஸ்டுக்கு இழப்பு. எழுபதுகளில் வெளிப்பட்ட பியானோ மும்மூர்த்திகள் சோல்தான் கோச்சிஷ், தெஜோ ரான்கி, ஆண்ட்ராஷ் ஷிஃப். மூவரும் பால் கடோஷாவின் மாணவர்கள். கோச்சிஷும் ரான்கியும் ஊரிலேயே தங்கினார்கள். ஷிஃப் போய்விட்டார். கோச்சிஷ் 1983இல் ஈவான் ஃபிஷருடன் சேர்ந்து புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். நாட்டிலேயே இருந்தபடி உலகத் தரத்தில் வாசிக்க முடியும் என்பதற்கு அந்த ஆர்க்கெஸ்ட்ராவை விடப் பெரிய சான்று வேண்டாம்.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால்தான், இளம் கலைஞரை அழைத்து, தங்க இடம் கொடுத்து, ஒரு மாலை வாசிக்க வைத்து, திரும்ப அனுப்பும் கச்சேரித் தொடரின் அருமை புரியும். வெளியே கேட்கப்படுவதற்காக நாட்டையே விட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. 2004இல் ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் ஒன்றியத்துக்குள் போய்வருவதும் எளிதானது. செல்லோகாரர் இஷ்த்வான் வார்டாயைப் பாருங்கள். பேச் நகரத்தில் பிறந்து புடாபெஸ்டிலும் வியன்னாவிலும் படித்தவர். 2008இல் ஜெனீவாப் போட்டியிலும் 2014இல் மியூனிக் ஏ.ஆர்.டி. போட்டியிலும் முதல் பரிசு பெற்றவர். வியன்னாவில் கற்பித்துக்கொண்டே புடாபெஸ்டின் லிஸ்ட் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவின் கலை இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். வயலின்காரர் பர்னபாஷ் கெலெமென் 2002இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் போட்டியில் முதலிடம் பெற்றவர். கல்விக்கழகத்தில் ஆசிரியரானார், சொந்த நால்வர் குழு அமைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய வாழ்க்கை ஏறக்குறைய நடக்காத காரியம்.

எல்லாத் தொடரும் ஒரே தரமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊர்த் தொடரை எடைபோட நான் பார்ப்பது முதலில் ஒன்றுதான்: போன ஆண்டு வந்தவர்களில் யாராவது இந்த ஆண்டும் வருகிறார்களா? புதிது புதிதாக முகங்களைக் காட்டி, ஒரு புகைப்படத்தோடு முடித்துக்கொள்ளும் தொடர், நடத்துபவரின் ஆண்டறிக்கைக்குத்தான் உதவும். ஒரே கலைஞரை மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அழைத்தால், கேட்பவருக்கும் அவர் வளர்ந்த விதம் தெரியும், அவருக்கும் அந்த நகரத்தில் தனக்கென்று நாலு பேர் இருப்பார்கள். அடுத்து, உள்ளூர்க் கலைஞர் யாரோடாவது சேர்ந்து வாசிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள்தான் பின்னர் ஒருவரை ஒருவர் தங்கள் ஊருக்கு அழைக்கிறார்கள். சன்மானம் கொடுக்கிறார்களா என்பதும் முக்கியம், வெளியிலிருந்து அது தெரிவதில்லை என்பது வேறு. செல்லோகாரர் விமானத்தில் வந்தால் செல்லோவுக்கும் ஓர் இருக்கை வாங்க வேண்டும். "மேடை கொடுக்கிறோமே, போதாதா" என்று சொல்லும் அமைப்பாளர் உண்மையில் கலைஞரின் பணத்தில் கச்சேரி நடத்துகிறார்.

புகழ்பெற்ற அரங்கின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். லண்டன் விக்மோர் ஹாலில் 552 இருக்கைகள், நியூயார்க் கார்னகி ஹாலின் சிறிய அரங்கான வைல் அரங்கில் 268. அங்கே வாசிப்பது பெருமைதான். ஆனால் வைல் அரங்கைப் போன்ற இடங்களை வாடகைக்கும் எடுக்கலாம். அரங்கமே அழைத்து நடத்துவதும், பணம் கட்டி ஒரு மாலைக்கு எடுப்பதும் சுவரொட்டியில் ஒன்று போலத் தோன்றும். "வழங்குபவர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அரங்கமே தேர்ந்தெடுக்கும் முறைக்கு நல்ல உதாரணம் ஐரோப்பியக் கச்சேரி அரங்குகளின் கூட்டமைப்பு நடத்தும் ரைசிங் ஸ்டார்ஸ் தொடர். புடாபெஸ்டில் 2005இல் திறக்கப்பட்ட மூபா அரங்கும் அதில் உறுப்பினர். ஒவ்வோர் அரங்கும் தனக்குப் பிடித்த இளைஞரை முன்மொழியும். தேர்வானவர் ஒரு பருவம் முழுவதும் உறுப்பு அரங்குகளில் சுற்றி வாசிப்பார். அவருக்கென்று புதுப் படைப்பு ஒன்றும் எழுதி வாங்கப்படும். ட்ரம்பெட் வாசிக்கும் தமாஷ் பால்ஃபல்வி அப்படி வெளிவந்த ஹங்கேரியர். இன்னொன்று ஆண்ட்ராஷ் ஷிஃப் தானே தேர்ந்தெடுத்த இளம் பியானோ கலைஞர்களைப் பல நகரங்களில் வாசிக்க வைக்கும் பில்டிங் பிரிட்ஜஸ் தொடர். அது எல்லா நாட்டினருக்கும் பொதுவானது. அதில் வாசித்த சோல்தான் ஃபெயேர்வாரி 2017இல் மாண்ட்ரியல் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அந்த ஷிஃப் 2011இல், தன் நாட்டு அரசியல் போக்கைக் கண்டித்ததற்குப் பின், இனி ஹங்கேரியில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தவர். மேடை தருபவர் யார், அந்த மேடையில் என்ன சொல்லலாம் என்ற கேள்வி ஹங்கேரியக் கலைஞர்களை இன்னும் விட்டுவிடவில்லை. அரசு மையத்தில் வாசிக்கும் இருபது வயதுப் பெண்ணிடம் அதற்கான பதிலைக் கேட்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். அவள் பத்து ஆண்டாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பயின்ற ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்பதுதான் அவளுக்கு நாம் தரும் மரியாதை.

சரி, என்ன கேட்பது? நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் முதல் பாதியில் ஹைடனோ மொசார்ட்டோ பீத்தோவனோ இருக்கும். ஹைடனை ஹங்கேரிய நால்வர் குழுக்கள் சொந்தக்காரரைப் போலவே வாசிப்பார்கள். எஸ்டெர்ஹாசி பிரபுக்களிடம் அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். அவற்றில் பல ஆண்டுகள் வாழ்ந்த எஸ்டெர்ஹாசா அரண்மனை இன்றைய ஹங்கேரியில்தான் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு நிமிர்ந்து உட்காருங்கள்.

செல்லோகாரர் வருகிறார் என்றால் சோல்தான் கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டா நிரலில் இருக்கிறதா என்று தேடுங்கள். 1915இல் எழுதியது, ஏறத்தாழ அரை மணி நேரம். நான்கு தந்திகளில் கீழ் இரண்டையும் அரை சுரம் இறக்கிச் சுருதி சேர்க்கச் சொல்கிறார் கோடாய். அந்த ஒரு மாற்றத்தால் வாத்தியம் முழுவதும் இருண்டு, கனத்து, வேறு குரலில் பேசத் தொடங்கும். வலது கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடது கை தந்தியைச் சுண்டும். கடைசிப் பகுதியில் கிராமத்து நடனக் குழு ஒன்று முழுதாக மேடையேறியது போல இருக்கும். இருப்பதோ ஒரே ஆள். ஷ்டார்க்கர் நாற்பதுகளில் பாரிஸில் செய்த பதிவுதான் இதை உலகறியச் செய்தது. ஒவ்வொரு தலைமுறை ஹங்கேரியச் செல்லோகாரரும் அந்தப் பதிவின் நிழலில்தான் இதை எடுக்கிறார்கள். யார் வேகத்தைக் காட்டுகிறார்கள், யார் நடுவிலுள்ள மெதுவான பகுதியில் நம்மை நிறுத்தி வைக்கிறார்கள் என்று பாருங்கள். வேகம் எல்லாருக்கும் வந்துவிடும்.

இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் லிகெட்டியின் தனிச் செல்லோ சொனாட்டா இன்னும் சின்னது, பத்து நிமிடத்துக்குள் முடியும். முதல் பகுதியை 1948இல் உடன் படித்த ஒரு செல்லோ மாணவிக்காக எழுதினார், அவளிடம் தன் காதலைச் சொல்லாமலே. இரண்டாவது 1953இல் வந்தது. அன்றைய ஸ்டாலினிய இசையமைப்பாளர் சங்கம் இதைப் பொதுவில் வாசிக்க அனுமதி மறுத்தது. லிகெட்டி 1956 டிசம்பரில் நாட்டை விட்டுத் தப்பினார். சொனாட்டா பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, எண்பதுகளில்தான் மேடை கண்டது. தடை செய்யும் அளவுக்கு இதில் என்ன ஆபத்து என்று கேட்கும்போது வியப்பாக இருக்கும். அவ்வளவு நேரடியான, அழகான இசை.

பார்டோக்கை எப்படியும் கேட்பீர்கள். அவரும் கோடாயும் 1905, 1906 முதல் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து நாட்டுப்புறப் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். நகரத்து மேடைகளில் ஹங்கேரிய இசை என்று அதுவரை விற்பனையானது வேறு, வயலில் பாடப்பட்டது வேறு என்று கண்டுகொண்டார்கள். இருவரின் முதல் நால்வர் குழுப் படைப்புகளும் 1910 மார்ச்சில் புடாபெஸ்டில் அரங்கேறியபோது வாசித்தவர்கள் அதற்காகவே சேர்ந்த இளைஞர்கள். முதல் வயலின் வாசித்த இம்ரே வால்ட்பௌர் அப்போது இருபதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. புதிய ஹங்கேரிய இசையை இளைஞர் கையில் ஒப்படைப்பது அங்கே தொடங்கிய வழக்கம். கிளாரினெட்டும் இருக்கும் நிரல் என்றால் 1938இல் பார்டோக் எழுதிய காண்ட்ராஸ்ட்ஸ் வரலாம். ஜாஸ் மேதை பென்னி குட்மனுக்கும் சிகெட்டிக்குமாக எழுதியது. மூன்றாம் பகுதி தொடங்கும்போது வயலின்காரர் வேறொரு வயலினைக் கையிலெடுப்பார், வேண்டுமென்றே சுருதி மாற்றி வைத்த வயலின். பதறாதீர்கள், அந்த உரசல் பார்டோக் கேட்டு வாங்கியது.

குர்டாக் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அவருடைய விளையாட்டுகள் என்ற பியானோத் தொகுப்பில் சில உருப்படிகள் அரை நிமிடம்கூட நீடிக்காது. அவரும் மனைவி மார்த்தாவும் சாதாரண நிமிர் பியானோ ஒன்றின் முன் அருகருகே உட்கார்ந்து, மிக மெல்லிய ஒலியில் இவற்றையும் பாக்கின் இசையையும் மாற்றி மாற்றி வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். இளம் கலைஞர்களுக்கு இது கடினமான சோதனை: மறைந்துகொள்ள வேகமும் இல்லை, சத்தமும் இல்லை.

கடைசியாக நடைமுறை விஷயங்கள். இலவசக் கச்சேரிக்கும் முன்பதிவு வேண்டியிருக்கலாம், மையத்தின் பக்கத்தில் பாருங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். காலி நாற்காலி மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். பல பகுதிகள் கொண்ட படைப்பில் நடுவில் கைதட்டுவதில்லை, எல்லாம் முடிந்து வில் இறங்கிய பிறகுதான். பியானோ கச்சேரிக்கு இடதுபுறம் உட்கார்ந்தால் விரல்கள் தெரியும். முடிந்ததும் பெரும்பாலான மையங்களில் கலைஞர்கள் வெளிக்கூடத்துக்கு வந்து நிற்பார்கள். யாரிடம் படித்தீர்கள், அடுத்து எங்கே வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். யாராவது உங்களைத் தொட்டுவிட்டால், அவரை மறுபடி அழைக்கும்படி மையத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். இத்தகைய கடிதங்கள் அவர்களுக்கு அதிகம் வருவதில்லை. அதனால் வருவதைப் படிக்கிறார்கள்.